முப்பத்தொன்றாம் வாய்

அக்டோபர் 3, வெள்ளி

முப்பத்தொன்று மறுபடியும் செத்துவிட்டது.

ஆய்வகப் பதிவேட்டில் தேதி, வெப்பநிலை, வாயு அளவு மட்டும்தான் எழுதலாம். எரிச்சலை எழுத அதில் கட்டம் இல்லை. யாரிடமாவது கொட்டவில்லை என்றால் நாளைக்கு மீதியிருக்கும் கிருமி வளர்ப்புத் தட்டுகளை நானே தரையில் போட்டு உடைத்துவிடுவேன் போலிருக்கிறது. ஆகவே இந்த டைரி.

நடந்ததைச் சொல்கிறேன். மதுரையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் நான் ஆராய்ச்சி மாணவன். ஈறில் ரத்தம் வடிய வருபவர்களின் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்லிய காகிதக் குச்சியை விட்டு எடுத்து, அதில் ஒட்டி வரும் பாக்டீரியாக்களை வளர்த்து, எது எந்த இனம் என்று பிரித்துவைப்பது என் பிழைப்பு. இவற்றுக்குக் காற்றே ஆகாது. ஆக்சிஜன் இல்லாத கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை வழியாகக் கையை விட்டுத்தான் எதையும் தொட வேண்டும். மூக்கு அரித்தால் அரித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இப்படி நாற்பது பேர் வாயைப் பார்த்தாயிற்று. அதில் முப்பத்தொன்றாவது வாயிலிருந்து, பிப்ரவரியில், ரத்தம் கலந்த அகார் கூழில் கறுப்பாக மினுக்கிக்கொண்டு ஒன்று வந்தது. மரபணுவைப் படித்துப் பார்த்தால் உலகத்தில் இதுவரை பேர் வைத்த எதனோடும் ஒத்துப்போகவில்லை. புது இனம்.

புது இனம் என்று நான் சொன்னால் போதாது. உயிரோடு இரண்டு நாட்டுக் கிருமிச் சேமிப்பகங்களுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் வளர்த்துப் பார்த்து, ஆமாம் இருக்கிறது என்று சான்று தந்தால்தான் பெயர் நிற்கும். செத்ததற்கு ஞானஸ்நானம் கிடையாது.

இதுவோ தட்டு மாற்றி மாற்றி வளர்த்தால் முதலில் ஜோராக வருகிறது, பிறகு வெளுக்கிறது, பிறகு இல்லை. பிப்ரவரியில் வளர்ந்ததை ஆறு குப்பியில் உறையவைத்தேன். அதற்குப் பின்னால் உறையவைத்த எதுவும் எழும்பவே இல்லை. அந்த ஆறில் இன்று நான்காவது போயிற்று. டிசம்பரோடு என் பதிவுக் காலம் முடிகிறது. இந்தப் புது இனம் இல்லையென்றால் என் ஆய்வேட்டில் மீதி இருப்பது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த கிருமிகளின் பட்டியல்.

நாசரேத்திலிருந்து பியூலா போன் பண்ணினாள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருக்கிறாள். "ஏங்க, பல்லு தேச்சா ரத்தமா வருது. இன்னைக்கும் துப்புனதுல பாதி ரத்தந்தான்" என்றாள். மாசமாக இருக்கும்போது அது சகஜம், பிள்ளை பிறந்ததும் தானாகச் சரியாகும், உப்புத் தண்ணீரில் கொப்பளி என்று புத்தகத்தில் இருப்பதையே சொன்னேன். ஆகஸ்டிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 6, திங்கள்

உயிரோடு நிற்காத ஒன்றுக்கு என்ன பெயர் வைப்பது என்று இன்று ஒரு மணிநேரம் சண்டை. என் வழிகாட்டி உமையாள் மேடத்துக்குத் தன் பேராசிரியர் பெயரை வைக்க ஆசை. எனக்கு 'வைகையென்சிஸ்' என்று வைக்க ஆசை. ரிஸ்வான் பக்கத்து மேசை. பல் சொத்தைக் கிருமியில் ஆராய்ச்சி செய்கிறான். அவை சாணியிலும் வளரும், அவனுக்குக் கவலையே கிடையாது.

"மாப்ள, வைகையில தண்ணியும் நிக்க மாட்டேங்குது, உன் கிருமியும் நிக்க மாட்டேங்குது. பேரு பொருத்தமாத்தான் இருக்கு" என்றான்.

மேடம்கூடச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

நைட்ரஜன் சிலிண்டர் வரவில்லை. வருகிறது என்றார்கள். வரவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

ஐந்தாவது குப்பியைப் போன வாரமே திறந்திருந்தேன். இந்தத் தடவை ரத்தத்தை மாற்றிப் பார்த்தேன். காலையில் ஆடு அறுக்கும் இடத்துக்கே போய் நின்று, உறையாமல் இருக்கக் கண்ணாடி மணி போட்ட பாட்டிலில் ஆட்டு ரத்தம் பிடித்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் பாட்டிலைப் பார்த்துவிட்டு எழுந்து பின்னால் போய்விட்டார். உட்கார இடம் கிடைத்ததுதான் லாபம். கிருமி வெளுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

மேடம் கூப்பிட்டு, "ஞானசிங், அந்த அம்மாகிட்டயே திரும்ப ஒரு மாதிரி எடுத்துட்டு வந்திருங்க. அதே வாயில ரெண்டாவது தடவையும் இருந்தா, கட்டுரைக்கும் பலம், உங்களுக்கும் புதுசா விதை கிடைச்ச மாதிரி இருக்கும்" என்றார். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று தெரியவில்லை. மனுஷியை மறந்து எண்ணை மட்டும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

முப்பத்தொன்றின் பெயர் பஞ்சவர்ணம். செல்லூரில் இட்லி மாவு அரைத்து விற்கிறார். கிரைண்டர் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி நான் யார் என்று விளக்கினேன். "அட, குச்சி விட்டு எடுத்த சாரு" என்று ஞாபகம் வைத்திருந்தார். வாயைக் காட்டச் சொன்னேன். காட்டினார்.

ஈறு ரோஜா நிறத்தில் இருக்கிறது. வீக்கம் இல்லை. குச்சி நுழைய இடம் இல்லை. அழுத்தினால்கூட ரத்தம் இல்லை. பிப்ரவரியில் தொட்டாலே வடிந்த ஈறு இது.

"இப்ப நல்லாயிருச்சு சார். எந்த மருந்தும் போடல" என்றார், எனக்கு நல்ல சேதி சொல்கிற மாதிரி. எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுதினால் படிக்கிறவர்கள் என்னை மனிதனாக மதிக்க மாட்டார்கள். நல்லவேளை, யாரும் படிக்கப்போவதில்லை. எப்படித் தானாகச் சரியாயிற்று என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளே தொட்டிலில் குழந்தை அழுதது.

மூன்று மாதக் குழந்தை.

"அன்னைக்கு மாசமா இருக்கீங்களான்னு கேட்டமே, இல்லன்னீங்களே" என்றேன்.

அவர் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "மூத்தவளுக்குப் பதினஞ்சு வயசு சார். அவ சமைஞ்சு நிக்கிற வீட்டுல நான் வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கிறதான்னு வெளியில யாருக்கும் சொல்லல. கூட இருந்த பொம்பளைகளுக்கு முன்னாடி நீங்க கேட்டீங்க. இல்லன்னுட்டேன்."

ஆக்கி வைத்த சோற்றில் மண். எங்கள் ஆய்வு விதியில் முதல் வரியே அதுதான்: கர்ப்பிணிகளைச் சேர்க்கக் கூடாது. மேடம் விதி என்றால் விதி என்பவர். தெரிந்தால் முப்பத்தொன்றை நீக்கு என்பார். முப்பத்தொன்று போனால் புது இனம் போயிற்று. புது இனம் போனால் நான்.

அக்டோபர் 15, புதன்

மேடம் கேட்டார். வீடு மாறிப் போய்விட்டார்களாம், ஆள் கிடைக்கவில்லை என்றேன்.

அக்டோபர் 17, வெள்ளி

ஐந்தாவதும் போயிற்று. ஒன்றுதான் மிச்சம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஆய்வகத்தில் ஒருவரும் இல்லை. நாங்கள் கொண்டாடுவதில்லை என்பதால் விடுமுறைக் காவலுக்கு எப்போதும் என்னைத்தான் போடுவார்கள். இந்தத் தடவை நானே கேட்டு வாங்கினேன். மூன்று நாள் லீவு சேர்ந்து வருகிறது, நாசரேத்துக்கு வந்துவிட்டுப் போங்கள் என்று பியூலா சொல்லியிருந்தாள். சேமிப்புக் குளிர்பெட்டிக்கு ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அது உண்மைதான். அந்த ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும் என்பது உண்மையில்லை.

கடைசிக் குப்பியைத் திறந்தேன். இந்தத் தடவை வாயுக் கலவையில்தான் கோளாறு என்று முடிவு செய்திருக்கிறேன். கரியமில வாயுவைக் கூட்டியிருக்கிறேன். வெளியே பத்தாயிரம் வாலா வெடித்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபர் 24, வெள்ளி

வந்திருக்கிறது. கறுப்பாக, எண்ணெய் தேய்த்த மாதிரி மினுமினுவென்று வந்திருக்கிறது. வாயுதான் கோளாறு என்று நான் சொன்னேனே. ரிஸ்வானுக்குப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

இரண்டாவது தட்டுக்கு மாற்றியதும் நன்றாக இருக்கிறது. எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லாதே என்று ரிஸ்வான் எச்சரிக்கிறான், கண் பட்டுவிடுமாம்.

பியூலா பேசினாள். "ஏங்க, இனிமே என்னால தாங்க முடியாது. சாப்பிடவே முடியல. நாளைக்கு அம்மாவோட டாக்டர்ட்ட..." என்று ஆரம்பிக்கும்போது பெட்டியின் அழுத்த அலாரம் அடித்தது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்தேன். கையுறையில் ஊசிமுனை ஓட்டை. ஒட்டிச் சரிசெய்து முடிப்பதற்குள் மறந்துவிட்டேன். மாதாந்திரச் செக்கப்பாக இருக்கும்.

அக்டோபர் 31, வெள்ளி

வெளுக்கிறது.

நவம்பர் 3, திங்கள்

வாயு இல்லை. ரத்தம் இல்லை. சிலிண்டர் கம்பெனி இல்லை. திட்ட ஆளே மிச்சமில்லை.

தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மேடம் வந்து பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். திட்டியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். "சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பஞ்சவர்ணம், தொட்டில், நான் சொன்ன பொய், எல்லாவற்றையும்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஞானசிங். அந்த அம்மாவ ஆய்வுக் கணக்குலேர்ந்துதான எடுக்கணும். கிருமிய எதுக்கு எடுக்கணும்? அதுக்குத் தனியா அனுமதி கேட்டுக்கலாம். நான் என்ன பேயா?" என்றார். "அத விடுங்க. மாசமா இருக்கும்போது வந்துச்சு, பிள்ளை பொறந்ததும் போயிருச்சு. இதுலயே தெரியலையா உங்களுக்கு? அது கேக்குறது ஹார்மோன். கர்ப்பிணி ரத்தத்துல ஊறுற ஹார்மோன். நீங்க கடா ரத்தத்த ஊத்திக்கிட்டு இருக்கீங்க. முதல் வளர்ப்புல ஒட்டிக்கிட்டு வந்தது இருக்கிற வரைக்கும் வளருது. தீந்ததும் சாகுது."

நான் எட்டு மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டதை அவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டார்.

"குப்பி எத்தனை மிச்சம்?" என்றார்.

"இல்ல மேடம். கடைசியத் தீபாவளியன்னைக்குத் தொறந்துட்டேன்."

"தீபாவளிக்கு முந்தி சொல்லியிருந்தா கையில ஒண்ணு இருந்திருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். அதுதான் பொறுக்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

வெளுத்த தட்டில் மிச்சமிருந்ததைச் சுரண்டி, அந்தக் கர்ப்ப ஹார்மோன், புரோஜெஸ்டிரோன், கலந்த புதுத் தட்டில் தேய்த்தோம். இன்று பார்த்தால் ஓரத்தில் இரண்டே இரண்டு கறுப்புப் புள்ளி. மேடம் சொன்னதுதான் சரி. மூவரும் பெட்டியைச் சுற்றி நின்று அந்த இரண்டு புள்ளியைப் பார்த்தோம். தொட்டில் பிள்ளையைப் பார்ப்பது போல என்று ரிஸ்வான் சொன்னான். அவனை முறைத்தேன்.

நவம்பர் 10, திங்கள்

அந்த இரண்டையும் எடுத்து மாற்றினோம். வரவில்லை. முன்பே சாகக் கிடந்தது, மருந்து தாமதமாகப் போனது என்று மேடம் சொல்கிறார். முடிந்தது. வழி தெரிந்துவிட்டது, போவதற்கு வண்டி இல்லை.

"இன்னொரு வாய்தான் பாக்கணும்" என்றார் மேடம். "ஈறுல ரத்தம் வர்ற கர்ப்பிணி. நெறைமாசமா இருந்தா நல்லது. மருந்து எதுவும் போட்டிருக்கக் கூடாது, சுத்தம் பண்ணியிருக்கக் கூடாது. அப்படி ஒருத்தர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டா, நெறிமுறைக் குழுகிட்ட அவசரம்னு சொல்லி வாங்கிருவேன். குழுத் தலைவருக்கு இன்னைக்கே போன் பண்றேன்." ஏதோ எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "உங்க வீட்டம்மாவுக்கு எத்தனாவது மாசம்?" என்று கேட்டார்.

"ஒம்பது மேடம். மாசக் கடைசியில தேதி குடுத்திருக்காங்க."

"ஈறெல்லாம் எப்படி இருக்கு?"

"ரத்தம் வருதுன்னு சொல்லிட்டிருந்தா."

"எப்பலேர்ந்து?"

"ஆகஸ்ட்லேர்ந்து" என்றேன்.

ரிஸ்வான் என்னைப் பார்த்தான். பிறகு, கழுவ வேண்டிய குழாய் எதுவும் இல்லாத தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவ ஆரம்பித்தான். மேடம் பேனாவை மூடி வைத்தார். இருவரில் ஒருவராவது ஏதாவது சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 12, புதன். நாசரேத்

காலையில் திருநெல்வேலிக்கு பஸ், அங்கிருந்து திருச்செந்தூர் பாசஞ்சர். பையில் காகிதக் குச்சிகள், காற்றுப் புகாத குழாய்கள், சம்மதப் படிவம். குழுத் தலைவர் வாய்மொழியாகச் சரி சொல்லிவிட்டார், கையெழுத்து வந்ததும் எழுத்தில் தருவார். மாதிரியை எடுத்தால் அன்றே ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சாயங்கால வண்டியைப் பிடித்தால் சரியாக இருக்கும் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். பியூலாவுக்குச் சொல்லவில்லை. ஆச்சரியப்படுத்தலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆச்சரியப்பட்டாள். வாசலுக்கு வேகமாக வந்தாள், அவள் வேகமாக நடக்கக் கூடாது. முகம் வீங்கியிருக்கிறது, கால் வீங்கியிருக்கிறது. கடைசியாக நான் பார்த்தபோது இவ்வளவு இல்லை. கடைசியாக நான் பார்த்தது செப்டம்பரில். அத்தை, "மருமகன் சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்காவ, வீட்டுல மீனுகூட இல்ல" என்று பதறி, பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார்கள்.

வந்த உடனே கேட்கக் கூடாது என்று தெரியும். மழையைப் பற்றிப் பேசினேன். அவள் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பதிலாக வந்திருக்கும் டீச்சரைப் பற்றிப் பேசினேன். என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். பிள்ளை உதைத்தது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பிறகு கேட்டேன். "ஈறு எப்படி இருக்கு?"

அவள் முகம் மலர்ந்ததே, அதை நான் எழுதத்தான் வேண்டும். நாலு மாதத்தில் நானாக அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"இப்பமாது கேக்கணும்னு தோணுச்சே" என்றாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக உட்கார்ந்து, தானே உதட்டை விலக்கிக் காட்டினாள்.

ரோஜா நிறம். வீக்கம் இல்லை. பல்லோடு ஒட்டி, இறுகி, கருங்கல்லில் பூசிய சாந்து மாதிரி இருக்கிறது. ஒரு பல்லிடுக்கிலும் குச்சி நுழையாது. மொபைல் டார்ச்சை அடித்து மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், கடைவாய் வரைக்கும் பார்த்தேன்.

"இங்க பஸ் ஸ்டாண்டு பக்கத்துல புதுசா ஒரு பல் டாக்டர் வந்திருக்காரு. அம்மா கூட்டிட்டுப் போனாவ. அன்னைக்குச் சொல்ல வந்தேம்லா, நீங்கதான் வச்சிட்டீங்க. ரெண்டு நாளு வரச் சொல்லி நல்லா சுத்தம் பண்ணிவிட்டாரு. கொப்பளிக்க மருந்து குடுத்தாரு. இப்ப முறுக்கே கடிச்சிச் சாப்பிடுதேன்" என்றாள்.

நான் டார்ச்சை அணைத்தேன். அந்தப் பல் டாக்டரை, பார்த்தேயிராத அந்த மனிதரை, கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது. என் மனைவியின் வலி போய்விட்டது, அதற்காக நான் துக்கப்பட்டேன். வேறு எப்படிச் சொன்னாலும் அது பொய்.

"என்னாச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னு சொல்லுத மூஞ்சியா இது?"

என்னைப் பார்த்தாள். நாற்காலியில் நான் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்த பையைப் பார்த்தாள். கையை நீட்டினாள். கொடுத்தேன். குச்சிகளையும் குழாய்களையும் ஒவ்வொன்றாகக் கட்டிலில் எடுத்துவைத்தாள். அவள் அறிவியல் டீச்சர். விளக்க வேண்டியிருக்கவில்லை. படிவத்தை மட்டும் முழுதாகப் படித்தாள்.

"என்னப் பாக்க வரல" என்றாள்.

படிவத்தை மடித்துக் குச்சிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எத்தன மணிக்கு வண்டி?"

"போகல. நான் இருக்கேன்."

"இப்பம் இருந்து என்னத்துக்கு? எடுக்கதுக்கு ஒண்ணுமில்லையே."

எல்லாவற்றையும் அவளே திரும்பப் பையில் அடுக்கினாள். குழாய்கள் உடையாதபடி துண்டைச் சுற்றி அடுக்கினாள். ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அந்த டாக்டரு கேட்டாரு, ஈறு இவ்வளவு மோசமாகுத வர எப்படிம்மா விட்டீங்க, வீட்டுக்காரர் கவனிக்கலையா, என்ன வேல பாக்காருன்னு."

"என்ன சொன்ன?"

"ஈறு ஆராய்ச்சி பண்ணுதாருன்னு எப்படிங்க சொல்ல? பேங்க்ல இருக்காருன்னு சொல்லிட்டேன்."